பாட்டு ஓடுது, மெஷின் ஓடேல்லை

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்ட நிலாந்தினிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. திரையில் வழக்கமான படம் இல்லை. ஏதோ ஒரு பனிமலை நின்றது. எழுத்து வடிவமைக்கிற புரோகிராமைத் தேடினாள். அதுவும் இல்லை.

நாரந்தனையில் அவள் நடத்துவது ஸ்டிக்கர் கடை. ஆட்டோக் கண்ணாடிக்குப் பெயர், மீன்பிடி வள்ளங்களுக்கு இலக்கம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, பக்கத்தில் இருக்கும் மெஷினில் வெட்டிக் கொடுப்பாள்.

யாருடைய வேலை என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. சுவிசிலிருந்து லீவில் வந்திருந்த கணவனின் தம்பி நிசாந்தன், முந்தினநாள் அவள் சுருவிலுக்குச் செத்தவீட்டுக்குப் போனபோது கடைப் பூட்டின் திறப்பை வாங்கி வைத்திருந்தான்.

போன் அடித்தாள். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"எப்பிடி அண்ணி? விண்டோசை எடுத்திட்டு லினக்ஸ் போட்டனான். உங்கட விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்பு அப்டேற் ஒண்டும் வராது. இப்ப பாருங்கோ, என்ன வேகம். பாட்டு ஓடுது, வைஃபை வேலை செய்யுது."

"மெஷின்?"

"எந்த மெஷின்?"

அவள் விரலால் காட்டினாள். அவன் வயரைக் கொழுவினான், கழற்றினான், திரும்பக் கொழுவினான். மெஷினின் பச்சை லைற் எரிந்தது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"மெஷினை ஓட்டுற டிரைவர் புரோகிராம் இதில இல்லைப் போல கிடக்கு," என்றான் மெதுவாக.

"நான் உமக்கு என்ன சொன்னனான்?" அவளுடைய குரல் றோட்டுக்குக் கேட்டது. "மாத்திறதெண்டால் மெஷின் வேலை செய்யுமோ எண்டு முதல் பாரும் எண்டு சொன்னனானோ இல்லையோ? நீர் ஓம் ஓம் எண்டனீர்!"

"ஃபைல் எல்லாம் பத்திரமா எடுத்து வைச்சனான் அண்ணி..."

"ஃபைலை வள்ளத்தில ஒட்டேலுமோ?"

அந்த நேரம் பார்த்து எமிலியானுஸ் வந்து இறங்கினார். எழுவைதீவுக்காரர். அடுத்தநாள் காலை வள்ளத்தைப் பார்வையிட அதிகாரிகள் வருவதால் முன்பே சொல்லிவைத்த இலக்கத்தை எடுக்கக் கடல் கடந்து வந்திருந்தார். திரும்பிப் போகும் படகையும் பிடிக்கவேண்டும்.

"நீரே சொல்லும்," என்று நிலாந்தினி கொழுந்தனைப் பார்த்தாள்.

நிசாந்தன் ஒப்பரேற்றிங் சிஸ்டம் என்றான், சப்போட் என்றான். எமிலியானுஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, எனக்கு உதுகள் விளங்காது. நம்பர் இருக்கோ, இல்லையோ?" என்றார்.

"இல்லை," என்றான் அவன். முகம் சிவந்துவிட்டது.

"இருங்கோ அண்ணை, கையால வெட்டித் தாறன்," என்றாள் நிலாந்தினி.

ஸ்டிக்கரின் பின்பக்கத் தாளில் அடிமட்டத்தை வைத்துக் கோடு பிடித்து, இலக்கங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைந்தாள். பிளேட்டை எடுத்தாள். கோபத்தில் இழுத்த இழுப்பில் முதல் எட்டு கிழிந்தது. கசக்கி எறிந்துவிட்டு வேறு வெட்டினாள். இடையில் கணவன் பிரதாபன் போன் அடித்தான். தம்பி அதற்குள் சொல்லிவிட்டிருந்தான்.

"அவன் நல்லதுக்குத்தானே நிலா செய்தவன்."

"நான் சொன்னதைக் கேக்காமல் செய்யிறது என்ன நல்லது? உங்கட தம்பியின்ர வேலைச் சாமானை நான் அவரைக் கேக்காமல் மாத்தினால் பேசாமல் இருப்பாரோ?" அவள் போனை வைத்துவிட்டாள்.

எமிலியானுஸ் இலக்கங்களைச் சுருட்டிக்கொண்டு படகுக்கு ஓடினார். விளிம்புகள் கொஞ்சம் கோணல்தான். அவர் முழுக் காசையும் தந்துவிட்டுப் போயிருந்தார். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நிசாந்தன் தன் போனில் மெஷின் கொம்பனியின் பக்கத்தைத் தேடி எடுத்தான். விண்டோசுக்கு மட்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது.

"உதை நேற்று வாசிக்க உமக்கு எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும்?"

அவன் தலையைக் குனிந்தான். "சொறி அண்ணி. முதல் லினக்ஸைப் பென் டிரைவில இருந்து ஓட்டிப் பாத்திருக்கலாம். மெஷின் ஓடாதெண்டு ஒண்டையும் அழிக்காமலே தெரிஞ்சிருக்கும். உந்த வழி தெரிஞ்சும் நேரே போட்டிட்டன்."

"தெரிஞ்சுமோ!"

அவள் குனிந்து கீழே கிடந்த ஸ்டிக்கர் துண்டுகளைப் பொறுக்கினாள். பேசினால் அழுகை வந்துவிடும்போல இருந்தது. அவன் முன்னால் அழ அவளுக்கு விருப்பமில்லை.

பழைய விண்டோசைத் திரும்பப் போட்டு, டிரைவரை இறக்கி, மெஷினை வெட்டவைக்க அவனுக்கு அடுத்தநாள் பின்னேரமாகிவிட்டது. அவன் நயினாதீவுக்குப் போகவிருந்த பயணமும் நின்றுபோனது. ஆனால் வாடிக்கையாளர்களுக்காக அவள் வரைந்த எழுத்துகள் எல்லாம் எழுத்து வடிவமைக்கிற அந்தப் பழைய புரோகிராமுக்குள்ளேயே இருந்தவை. ஃபைல்களை எடுத்து வைத்தபோது அந்த இடத்தை அவன் பார்க்கவேயில்லை. அவை திரும்பி வரவில்லை.

அவன் ஊரை விட்டுப் போகிற அன்று அவனை ஏற்றிய வான் கடையடியில் நின்றது. கண்ணாடியை இறக்கி, "அண்ணி, இன்னும் கோவமோ?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் நிலாந்தினி. "சுகமாப் போய்ச் சேரும்."

பிறகு உள்ளே போய், ஒரு ஆட்டோக்காரரின் மகளுடைய பெயரை முதலெழுத்திலிருந்து திரும்ப வரையத் தொடங்கினாள்.