ஞாயிறு மட்டும் கடிக்கும் முயல்

மொட்டைமாடிக்கு ஏறினாலே சல்வினாவுக்குக் குமட்டும். ஏழு கூண்டு முயல்கள், கோடைகால மால்டா வெயில், மூக்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் மூத்திர நெடி. அவள் கணவன் விஸ்தீனுக்கு அது நாற்றமாகவே தெரியாது. தோட்டத்தில் காய் பழுத்ததைப் பார்ப்பவன் மாதிரி கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அங்கேயே ஒரு கொக்கியில் தொங்கவிட்டுத் தோலையும் உரிப்பான். ரத்தம் மழைநீர்க் குழாய் வழியாகத்தான் போகும்.

சட்டிக்குப் போகிற பிராணிக்கு அந்த வீட்டில் யாரும் பெயர் வைப்பதில்லை. ஆனால் கடைசிக் கூண்டிலிருந்த கிழட்டு ஆண் முயலுக்குச் சல்வினா நீனு என்று பெயர் வைத்துவிட்டாள். இத்தனை வருடமும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்தது, இப்போது அதற்கும் ஆகவில்லை. யார் கை நீட்டினாலும் கடிக்கும். துணி காயப்போட வந்த ஒரு நாள், அது கூண்டின் மூலையோடு ஒட்டிக்கொண்டு நடுங்குவதைப் பார்த்தாள். கடிக்கிற மிருகம் இவ்வளவு பயப்படுமா என்று தோன்றியது. வெட்ட விட மனசு கேட்கவில்லை.

"இத வெட்டாத. நான் வளத்துக்கறேன்" என்றாள்.

விஸ்தீன் சிரித்தான். "இம்னார்யாவுக்குள்ள அத கையில தூக்கிக் காட்டு. கடிக்கலன்னா உன் மடியிலயே வெச்சுக் கொஞ்சிக்கோ. கடிச்சா சட்டிதான்."

"சத்தியமா?"

"சத்தியமா. விரல் போச்சுன்னா எங்கிட்ட வந்து அழக்கூடாது."

இம்னார்யா திருநாளன்று ஊரே முயல் தின்னும். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

மேலிருந்து வந்த கைகளெல்லாம் நீனுவின் பிடரியைப் பிடித்துத் தூக்கிய கைகள். அதனால் சல்வினா கூண்டைத் திறந்துவிட்டுத் தரையில், அந்த அசிங்கத்திலேயே உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைத் தரையோடு வைத்து, விரல் நடுவே சோம்புத் தழையை நீட்டினாள். முதலில் தழையை முகர்ந்தது. பிறகு கொறித்தது. இரண்டாம் வாரம் வெளியே வந்து அவள் செருப்பில் தாடையைத் தேய்த்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ஞாயிறு வந்தால் நீனுவுக்குப் பேய் பிடித்துவிடும். உறுமிக்கொண்டு பாய்ந்து கடிக்கும். திங்கட்கிழமை மறுபடி ஆட்டுக்குட்டி.

"சர்ச்சு பூசைக்குக் கூட்டிட்டுப் போகலன்னு கோவமா இருக்கும்" என்றான் விஸ்தீன்.

நான்காவது ஞாயிறு கட்டைவிரலில் பல் ஆழமாக இறங்கியது. வலி தாங்காமல் விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள். ரத்தத்தோடு பூண்டும் ஒயினும் நாக்கில் பட்டன. அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. காலையில் அவள் துண்டு போட்டு அந்தப் பூண்டு ஒயினில் ஊறவைத்த முயலின் வாடை. ஞாயிறு தவறாமல் அதைத்தானே செய்கிறாள். எதை வெட்டினாள்? இந்த வீட்டு முயல் எல்லாமே நீனுவின் குட்டிகள். குட்டியைப் பிசைந்த கையாலேயே அப்பனுக்குத் தழை ஊட்டியிருக்கிறாள். தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கைப்பிடிச் சுவரோரம் ஓடி வாந்தி எடுத்தாள்.

"இனிமே நான் முயலத் தொட மாட்டேன்" என்று கீழே வந்து சொன்னாள்.

"திருநாளுக்கு என் தம்பி குடும்பத்தோட வர்றான். மேசையில என்னத்த வெப்ப, சர்க்கரவள்ளிக் கிழங்கா?"

"நீயே வெட்டு, நீயே சமை."

சமைத்தான். திருநாள் மதியம் விஸ்தீனின் தம்பி ஜம்ரி முயல் தலையை வாயில் வைத்து மூளையை உறிஞ்சிக்கொண்டிருந்த சத்தம் மாடிவரை கேட்டது. சல்வினா ரொட்டியும் தக்காளியும் மட்டும் தின்றுவிட்டு மேலே போய்த் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

நீனு வெளியே வந்தது. அவள் கையை நெடுநேரம் முகர்ந்தது. தானாக மடியில் ஏறியது. நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்புறத்துக்கு ஒரு கை கொடுத்து மெல்லத் தூக்கினாள். அதன் இதயம் அவள் மார்பில் படபடவென்று அடித்தது. கடிக்கவில்லை.

படியில் விஸ்தீன் நின்றுகொண்டிருந்தான்.

"அடிப்பாவி, தூக்கிட்டியே" என்றான். குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. "சரி, சொன்னா சொன்னதுதான். இனிமே அது உன்னோடது."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மீசையில் கொழுப்பு மினுங்கியது. ஆசையாக அவள் தோளில் கை போட வந்தான். நீனு விறைத்துக்கொள்வதற்குள் சல்வினாவின் உடம்பு விலகிவிட்டது. முப்பது வருடம் தன்னைத் தொட்ட கையிலிருந்து விலகியதில் அவளே திடுக்கிட்டாள்.

"போய்க் கையக் கழுவிட்டு வா, விஸ்தீன்."

"கழுவிட்டுத்தான்டி வந்தேன்" என்றான் அவன். "சோப்பு போட்டு, ரெண்டு தடவ."

அவள் முயலை அணைத்தபடி இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.