சத்து ஊசி

விடியும் முன்பே நீராவி இஸ்திரிப் பெட்டிகள் சீறத் தொடங்கிவிடும். வங்காளத்து நியூ டவுன் கோபுரங்களுக்குப் பின்னால், தகரக் கூரைச் சட்டைத் தொழிற்சாலையில் நாங்கள் நாற்பத்திரண்டு பெண்கள்; தமிழ்க்காரி நான் ஒருத்திதான். என் முழங்கை வரை சூட்டுத் தழும்பு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாசலில் நர்ஸ் நிற்பாள். 'சத்து ஊசி' போட்டுக்கொண்டால்தான் கேட் பாஸில் முத்திரை விழும். ரத்தம் ஊறும் என்றார்கள். முதலாளி வீரராகவன் தருமவான் என்று நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

பக்கத்து மேஜை மேக்னாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மாதவிலக்கு தள்ளிப்போனால் குழந்தைதான் என்று எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வாங்கி வருவாள். பரிசோதித்தால் ஒன்றும் இருக்காது. மாமியார் அவளை மலடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

கடந்த முறை காலி மருந்துக் குப்பி ஒன்று துணிக் கழிவு மூட்டையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு அரசு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் பார்த்ததுமே சொல்லிவிட்டாள், இது கருத்தடை ஊசி என்று. இதிலுள்ள ஹார்மோன் கருமுட்டை வெளிவராமல் தடுக்கும், கருப்பை வாயின் சளியைக் கெட்டியாக்கும், பலருக்கு மாதவிலக்கே நின்றுபோகும். மற்ற வழிகளையும் ஒப்பிட்டுச் சொன்னாள். கருப்பையில் வைக்கும் காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்யும், எடுத்துவிட்டால் உடனே கரு தங்கலாம். ஆணுறையோ விந்தணுவை உள்ளேயே விடாது. இந்த ஊசியை நிறுத்தினாலும் கரு தங்கப் பத்து மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். விரும்பிப் போட்டுக்கொள்பவளுக்கு நல்ல மருந்துதான் என்றாள்.

மேக்னாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அவனை விடக் கூடாது, தீதி" என்றாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நியாயம் கேட்கும் எண்ணமெல்லாம் எனக்குப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பழிவாங்கும் வெறி, அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய்ச் சொன்னோம். அடுத்த ஊசி நாளில்தான் வெளிநாட்டுக்குப் போகும் சரக்கை ஏற்ற லாரி வருகிறது. அதுவரை ஆறு வாரம் வாய் திறக்கவில்லை.

அன்று காலை ஒருத்தியும் கையை நீட்டவில்லை. வாசலை மறித்து உட்கார்ந்தோம். உள்ளே சட்டைகள் இஸ்திரி காணாமல் மலையாகக் கிடந்தன. வீரராகவன் நேரே என்னிடம் வந்து தமிழில் பேசினார், மற்றவர்களுக்குப் புரியாதென்ற தைரியத்தில்.

"சாவித்ரி, நீ நம்ம மனுஷி. உனக்கு சூப்பர்வைசர் வேலை தரேன். இவாளை உள்ளே அனுப்பு."

"புள்ள வேணுமா வேணாமான்னு மேக்னாகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

"கேட்டா ஒத்துப்பாளா? ஆளாளுக்குப் பிரசவ லீவு எடுத்தா ஆர்டர் என்ன ஆகறது?"

நான் எழுந்து, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல், எனக்குத் தருவதாகச் சொன்ன வேலையையும் சேர்த்து, வங்காளியில் உரக்கச் சொன்னேன். நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். கையெழுத்திட்ட புகாரின் நகலை மேக்னா அவர் கையில் திணித்தாள். அசல் காவல் நிலையத்தில், குப்பியோடு.

வேலை போகலாம். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம். போலீஸ் இன்னும் வரவில்லை. பத்து மணி வரை காத்திருந்த லாரி டிரைவர் வண்டியைத் திருப்பினான்.

மேக்னா பையிலிருந்து டப்பாவை எடுத்து வரிசையாக நீட்டினாள். சந்தேஷ்.

"இன்னிக்கு எதுக்குடி?" என்றேன்.

"லாரி காலியா போகுதே, தீதி."