ஆறாவது பிரதி

வீட்டு நிம்மதிக்கு விலையே கிடையாது என்பார்கள். உண்டு. பன்னிரண்டு எழுத்து. "ஊரு படத்தையெல்லாம் பூட்டுறாரு, என் தம்பிக்கு ஒண்ணைக் காட்ட வக்கில்ல" என்று நான்கு நாளாக முகம் கொடுக்காத மனைவி, ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பன்னிரண்டு எழுத்தை மச்சினன் காதில் ஓதியதும் டீ போட்டுக் கொடுத்தாள்.

வெளியாகாத படங்களுக்குப் பூட்டுப் போடுவது என் பிழைப்பு. சரிபார்க்க ஆறு பேருக்கு ஆறு பிரதிகள். ஒவ்வொன்றும் அதற்கான பன்னிரண்டு எழுத்துக் கடவுச்சொல் சொன்னால்தான் திறக்கும். திறந்தாலும், கண்ணுக்குத் தெரியாமல் அந்தப் பிரதியின் எண் படத்துக்குள்ளேயே கலந்திருக்கும். திரையைக் கைப்பேசியில் பிடித்தாலும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். "பெத்த புள்ள அப்பனை மறந்தாலும் இது மறக்காதுங்க" என்று முதலாளியிடம் நானே விற்ற சரக்கு. ஆறாவது பிரதி என்னுடையது. மச்சினன் கைக்குப் போனது அதுதான்.

செவ்வாய்க்கிழமை அந்தப் படம் ஊரெல்லாம் கைப்பேசிகளில் ஓடியது. யாரோ டிவிக்கு எதிரே உட்கார்ந்து பிடித்தது. அந்த டிவியின் ஓரத்தில் இருந்த கீறல் எனக்குத் தெரியும், மச்சினன் வீட்டில் பார்த்தது.

முதலாளி எங்கள் அறுவரையும் எடிட்டிங் அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். கைப்பேசிகள் பிஸ்கட் டின்னுக்குப் போயின. ஜன்னல் இல்லாத அறை.

"வாங்க பூட்டுக்காரரே, யாரு நம்பர்னு படிங்க."

திருட்டுப் பதிவை ஏற்றினேன். திரையில் ஆறு கோடுகள். படம் ஓட ஓட, பொருந்தும் எண்ணின் கோடு உயரும். இப்போதைக்கு எல்லாம் ஒரே மட்டம்.

"இதுக்கு மெஷின் வேற எதுக்கு? ஓட்டை வாய் யாருதுன்னு தெரியாதா?" என்று ஒலிப்பதிவாளரைப் பார்த்தார் எடிட்டர். ஒலிப்பதிவாளரை நாங்கள் 'சவுண்டு' என்போம். இரண்டாவது பிரதி அவருடையது.

"ஐயோ, நான் அதைத் திறக்கவே இல்லண்ணே. ரெண்டு கம்பெனில துரத்திட்டாங்க, இங்கயும் போனா எவன் சேர்ப்பான்?"

டின் அதிர்ந்தது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டம்மா. அப்புறம் பேசிக்கலாம்."

ஆறாவது கோடு ஒரு விரற்கடை எழும்பியது. நகர்ந்து உட்கார்ந்து முதுகால் மறைத்தேன்.

முதலாளி என் தோளில் கை வைத்தார். "ஒண்ணு சொல்லுங்க. இது தப்பாச் சொல்லுமா? சொல்லும்னா நிறுத்திருங்க. சவுண்டை இப்பவே அனுப்பிடறேன்."

தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒரு கதவு திறந்தது. 'சொல்லும்' என்றால் போதும், நான் வெளியே.

"ஓட விடுங்கண்ணே," என்றார் சவுண்டு. "அவரு மெஷின் தப்பாச் சொல்லாது."

அடப்பாவி, என் சரக்கை இத்தனை நாளில் முழுசாக நம்பியவன் இவன் ஒருவன்தான்.

"சொல்லாதுங்க," என்று எழுந்து நின்றேன்.

ஆறாவது கோடு உச்சியைத் தொட்டிருந்தது. முதலாளி அதைப் பார்த்தார், பிறகு என்னை.

"உங்களுதா?"

"மச்சினன்..."

"மச்சினனுக்குப் போடற பூட்டு எந்தக் கடையிலய்யா விக்குது?" என்றார் முதலாளி, சிரிக்காமல். பிரதிகளின் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். கொடுத்தது ஆறு. பூட்டோடு இருப்பது ஐந்து. திறந்து போனது ஒன்று. 'பொறுப்பு' என்ற கட்டத்தில் என் கையெழுத்து, பிரதிகளைக் கொடுத்த போன மாதமே விழுந்திருந்தது.