ஒரு கப்பல் காணோம்

தம்பியுள்ளான் படைக்கு அஞ்சான் என்பார்கள். சொன்னவருக்கு என் தம்பி பெஞ்சமினைத் தெரியாது.

செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே, நாங்கள் கம்ப்யூட்டர் கேம் செய்கிறோம். முதலாளி பெஞ்சமின். ஆடிப் பார்த்துக் குறை சொல்வது என் வேலை. அதில் இந்த ரெஜினாவுக்கு ஈடு இந்த ரெஜினாதான். கேமை எழுதுவது சதுரங்கப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் ஹேமந்த்.

விண்வெளிச் சண்டை அது. நடுவில் ஒரு தாய்க்கப்பல். அதைச் சுற்றி, ஆளுக்கொன்றாக ஓட்டுகிற சின்னச் சண்டைக் கப்பல்கள். எதிரியின் ஏவுகணைகளை வழியிலேயே சுட்டுத் தாய்க்கப்பலைக் காப்பதுதான் அவற்றின் வேலை. ஒன்றை நான் ஓட்டுவேன். மற்றவற்றைக் கம்ப்யூட்டரே ஓட்டும்.

எத்தனை தடவை ஆடினாலும் தோற்றேன். தோற்றால் எனக்குச் சோறு இறங்காது. காரணத்தைப் பெஞ்சமின்தான் கண்டுபிடித்தான். ஒரு சின்னக் கப்பல் அடிபட்டு இருட்டில் மிதந்து போனால், மற்றவையெல்லாம் சண்டையைப் போட்டது போட்டபடி விட்டு அதைத் தேடக் கிளம்பிவிடுகின்றன. வேலி இல்லாத வயலில் மாடு இறங்குகிற மாதிரி ஏவுகணைகள் தாய்க்கப்பலில் இறங்குகின்றன.

"இன்னாடா தப்பு தப்பா எழுதி வச்சிக்கிற?" என்றான் பெஞ்சமின்.

"தப்பு இல்ல சார். ஒரு போட்டு திரும்பி வரலன்னா எங்கூருல யாரும் வலை போட மாட்டாங்க. எல்லாரும் தேடத்தான் போவாங்க."

"இது சண்டைடா. மீன் புடிக்கிற கேம் இல்ல."

"பாதி பேரு போவட்டும், பாதி பேரு காவலுக்கு நிக்கட்டும்," என்று நான் நாட்டாமை செய்தேன்.

"போவாம நிக்கிற அந்தப் பாதி யாருக்கா?" என்றான் ஹேமந்த்.

பெஞ்சமினுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மறுநாள் பெங்களூரிலிருந்து கேமை வாங்குகிறவர்கள் வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் அந்தத் தேடப் போகிற வேலையைக் கேமிலிருந்து எடு, முடியாதென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று கத்திவிட்டு டீ குடிக்கப் போனான். "தோத்துகினே இருக்கிற கேம எவன் வாங்குவான்?" என்று நானும் என் பங்குக்கு ஹேமந்தைக் காய்ச்சினேன்.

அவன் அதை எடுத்தான். "ஆடிப் பாருக்கா," என்றான்.

இந்தத் தடவை காவல் கலையவே இல்லை. ஏவுகணைகளைப் பொரி பொரிக்கிற மாதிரி சுட்டுத் தள்ளினோம். எனக்கு ஒரே குஷி. அப்போது என் கப்பலின் வாலில் ஏதோ அடித்து, இஞ்சின் நின்றுபோனது. இருட்டில் மிதந்தேன்.

முன்பெல்லாம் யாராவது வந்து கட்டி இழுத்துப் போவார்கள். தோற்ற எரிச்சலில் அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது யாரும் வரவில்லை. சண்டை தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. என் கப்பலின் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. திரை முழுக்க 'வெற்றி' என்று வந்தது. அந்த எழுத்துக்குக் கீழே நான் இன்னும் மிதந்துகொண்டிருந்தேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் தவம் கிடந்த வெற்றி, சீ என்றிருந்தது.

"ஹேமந்த், உங்க ஊருல அப்பிடி யாரையாச்சும் தேடிப் போயிருக்காங்களா?"

"என்னியேதாங்க்கா. போட்டு இஞ்சின் நின்னு, கடல்ல கடப்பாக்கம் தாண்டி மிதந்துகினு இருந்தேன். ஊரு போட்டு மொத்தமும் வந்துச்சி."

"எடுத்தத திரும்பப் போடு."

"சார் வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

அதற்குள் பெஞ்சமின் வந்துவிட்டான். திரையைப் பார்த்து, "பாத்தியா, ஜெயிச்சாச்சு!" என்றான். நான் எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினேன். "இப்ப நீ ஆடு."

ஆடினான். நன்றாகத்தான் ஆடினான். கடைசியில் அவன் கப்பலுக்கும் வாலில் அடி விழுந்தது. இஞ்சின் நின்றது. பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கினான். மற்ற கப்பல்கள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தன. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான்.

"டேய், எங்கடா போறீங்க? நான் இங்க கீறேன்டா!"

ஹேமந்த் என்னைப் பார்த்தான்.

"திரும்பப் போடுடா," என்றேன்.