சமரச எல்லையில் இரண்டு வீடுகள்

மனித குலம் இதுவரை செய்த தவறுகள் அனைத்துக்கும் மூலகாரணம், ஒன்றோடொன்று மோதும் ஆசைகளை எடைபோடத் தெரியாததுதான். இப்படித் தொடங்கும் உரையை நிபுணர் பல ஆலைகளில் ஆற்றியிருக்கிறார். செலவு குறைய வேண்டும், தரம் ஏற வேண்டும், ஆளும் களைக்கக் கூடாது என்று முதலாளிகள் ஒரே மூச்சில் கேட்பதையெல்லாம் கணினிக்குள் போட்டு, நடுவழி கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் தொழில். உரைக்கு எந்தச் சட்டை போடுவது என்பதை மட்டும் மனைவியிடம் கேட்டுக்கொள்வார்.

அவர்கள் குடியிருந்த வீட்டை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். காலியாகிவிட்ட மேல்மாடியில் சுத்தியல் வேலை ஆரம்பித்து, சாப்பாட்டுத் தட்டில் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. புது வீடு பார்க்கும் பொறுப்பை நிபுணர் ஏற்றார். அதாவது, பார்ப்பது மருந்துக்கடையில் வேலை செய்யும் மனைவியும், கூடவே இருக்கும் அவள் தம்பியும். முடிவெடுப்பது இவர்.

"நான் நேர்ல பாக்க மாட்டேன். பாத்தா மனசு சாஞ்சிடும். ஒரு ஜன்னல் பிடிச்சுப்போனா மொத்தக் கணக்கும் கோணிடும். நீங்க தகவல் கொடுங்க, போதும்."

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னையாவது நேர்ல பாத்தீங்களா, இல்ல அதுவும் தகவல்தானா?" என்றாள் மனைவி.

முதலில் வாடகை, தூரம் என்று இரண்டே குறிக்கோள்களை வைத்து ஓட்டினார். சலித்த மாவுபோல மூன்று வீடுகள் நின்றன. இவற்றில் வாடகை குறைய வேண்டுமானால் தூரம் கூடும், தூரம் குறைய வேண்டுமானால் வாடகை கூடும். இதற்குச் சமரச எல்லை என்று பெயர் என விளக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறதே. மனைவி வெளிச்சம் கேட்டாள். மைத்துனன் தன் சரக்கு வேனை நிறுத்த இடம் கேட்டான். மகள், அம்மா குரல் கேட்காத அறை கேட்டாள். ஒவ்வொரு குறிக்கோளும் உள்ளே போகப் போக, தள்ளுபடியான வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எந்த வீடும் ஏதாவது ஒன்றில் சிறந்துதானே இருக்கும்? கடைசியில் பார்த்த வீடுகள் எல்லாமே சிறந்த வீடுகளாகிவிட்டன.

"என்னங்க, நாம இருக்கற இந்த வீடு எப்படி உள்ள வந்துச்சு? இதைத்தான் இடிக்கிறாங்களே!"

"மூட்டை கட்டற சிரமம்னு ஒரு குறிக்கோள் போட்டேன். அதுல இதை அடிச்சுக்க ஆளே இல்ல."

மேலேயிருந்து ஒரு காரைத் துண்டு விசைப்பலகையில் விழுந்தது.

அன்றே மனைவி எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி, இரண்டை மட்டும் விட்டாள். ஒன்று, அவள் காலையில் ஒரு தரகரோடு போய்ப் பார்த்த கடைவீதி வீடு. கூடம் நிறைய வெயில், மருந்துக்கடை கூப்பிடு தூரம், வேனுக்கு இடமில்லை. மற்றது, மைத்துனன் வேலை முடிந்து இருட்டும் நேரத்தில் வேறொரு தரகரோடு பார்த்துவந்த சந்து வீடு. வேன் தாராளமாக நிற்கும், வாடகை சற்றுக் குறைவு, வெளிச்சம் சுமார்.

"அக்கா பேச்சைக் கேட்டு என் வேனை நடுத்தெருவுல விட்டுடாதீங்க மாமா."

"இரு மாப்ளே, எடை போடறேன்."

வெளிச்சத்துக்கு அரை எடை கொடுத்தால் கடைவீதி வென்றது. அதில் ஒரு சிட்டிகை குறைத்தால் சந்து வென்றது. நிபுணருக்குத் தலை சுற்றியது. இரு தரகர்களுக்கும் போன் போட்டு, "இன்னொரு வீடும் பாக்கறோம், கொஞ்சம் பொறுங்க" என்றார். மறுநாள் கடைவீதித் தரகர், வேறொரு குடும்பம் அதிகம் தருவதாகச் சொல்கிறது, வாடகை ஏறிவிட்டது என்றார். கணக்கு சந்துப் பக்கம் சாய்ந்தது. சாயங்காலமே சந்துத் தரகரும் அதே பல்லவியைப் பாடினார். விட்டுவிடக் கூடாதென்று நிபுணர் தாமும் கூட்டிக் கேட்டார், இருவரிடமும். இரண்டு வாடகையும் கைகோத்துக்கொண்டு ஏறின. இது எப்படி என்று புரியாமல் விழித்தவர், பிறகு புரியாததையே கண்டுபிடிப்பாக்கி, அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை எழுதலாமா என்றுகூட யோசித்தார்.

சுத்தியல் அவர்கள் படுக்கையறைச் சுவருக்கு வந்த அன்று மனைவி பொறுமை இழந்தாள். "கணக்கு கிடக்கட்டும். நான் போய் முன்பணம் கொடுக்கறேன். வாங்க!" கொள்கையைக் கைவிட்டு நிபுணரும் பின்னால் போனார். தம்பி கோபத்தில் வேனை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனான்.

கடைவீதி வீட்டின் கூடத்தைத் தாண்டி மனைவி சமையலறைக்குள் நுழைந்தாள். பின்கதவு திறந்து தம்பி வந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"நீ எங்கக்கா இங்க? இது நான் பாத்த வீடு!"

அவனுக்குப் பின்னால் பின்கதவு வழியே சந்தும், அதில் தாராளமாக நின்ற வேனும் தெரிந்தன. அவரவரைக் கூட்டிவந்த இரு தரகர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு தரகுக்கு வழியிருக்கும்போது எவன் வாயைத் திறப்பான்?

"அப்போ எது சார் ஜெயிச்சுது?" என்று மனைவி கணவரைப் பார்த்தாள். அவள் அவரை சார் என்பது நல்ல அறிகுறியல்ல.

நிபுணர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்துப்போயிருந்தது.

சாவியோடு வந்த வீட்டுக்காரர் குடும்பமாக நின்றவர்களைப் பார்த்துப் பூரித்தார். "உங்களுக்கே முடிச்சுடலாம். போட்டிக்கு இன்னொரு குடும்பமும் விடாம ஏத்திக்கிட்டே வந்துச்சு. பாவம், அவங்க எங்க போவாங்களோ."

நிபுணர் கையெழுத்துப் போட்டார். வாடகையைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. கேட்டால் அந்த இன்னொரு குடும்பமும் தாங்கள்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.