நீண்டு தெரிந்த நட்சத்திரங்கள்

மங்கலான, குளிர்ந்த நட்சத்திரங்களில் எது ஒற்றை, எது ஒட்டிக்கொண்ட ஜோடி என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. வானம் முழுவதையும் எடுத்த படங்களில் ஜோடி இரண்டாகத் தெரியாது. ஒரே புள்ளியாக, கொஞ்சம் நீண்டிருக்கும். அப்படி நீண்டதையெல்லாம் ஜோடி என்று எழுதி, ஆய்வுக்கூடத் தலைவர் கட்டுரை அனுப்பியிருந்தார். தலைவர் அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒரு மத்தியானம் அவள் பக்கத்து நட்சத்திரங்களையும் பார்த்தாள். பல படங்களில் அவையும் அதே பக்கமாக நீண்டிருந்தன. காற்றில் தொலைநோக்கி ஆடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தலைவர் அறைக்கு ஓடினாள். பேனா மூடியால் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

“சார், பாதிக்கு மேல ஜோடியே இல்ல. படம் ஆடியிருக்கு.”

“தெரியுமே.” மூடியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சட்டையில் துடைத்தார். “பக்கத்து நட்சத்திரத்தை எவன் வேலை மெனக்கெட்டுப் பாக்கப் போறான்?”

தெரியுமாம்! அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

“அப்போ கட்டுரைலேருந்து என் பேரை எடுத்துடுங்க.”

“அவ்வளவுதானே?” என்று உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் மருமகன் பேரைப் போட்டார். மருமகன் துணிக்கடை வைத்திருப்பவர்.

வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டாள். “மாமன் மூஞ்சில கரியைப் பூசாதேடி. உலகத்துல யார்தான் இதெல்லாம் செய்யல?”

மாமன் சொன்னதைவிட இது அருவருப்பாக இருந்தது. சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

கட்டுரை வெளியானது. வேறொரு குழு பெரிய தொலைநோக்கியில் பார்த்து, பெரும்பாலானவை ஒற்றைதான் என்று எழுதிவிட்டது. ஆய்வுக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லார் முன்னாலும் மாமன் அவள் தோளில் கைபோட்டார்.

“சின்னப் பொண்ணு. சரியாப் பாக்காம விட்டுடுச்சு. நாமதான் பெரிய மனசு பண்ணணும்.”

கை ஈரமாக இருந்தது. பல்லி விழுந்ததுபோல் உடம்பு கூசியது. தட்டிவிட்டாள்.

“நான் வந்து சொன்னேன். தெரியும்னு சொன்னது நீங்கதான், மாமா.”

அந்த உறவே அங்கே யாருக்கும் தெரியாது. அங்கே வாயைத் திறக்காதவர்கள் பிறகு காபி மெஷின் பக்கம் ஒதுங்கி, “நல்லாக் கேட்டீங்க” என்று கிசுகிசுத்தார்கள். சீ என்றிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். மாமன் நாற்காலி மட்டும் அசையவில்லை. அவள்தான் வேறு வேலை தேடிக்கொண்டாள். கிளம்புமுன் படங்களை மறுபடி அலசியபோது, ஒன்றில் சுற்றியிருந்தவையெல்லாம் உருண்டையாக இருக்க, நடுவில் ஒன்று மட்டும் நீண்டிருந்தது. அந்தக் குழுவுக்கு எழுதினாள். நிஜ ஜோடிதான் என்று பதில் வந்தது.

விஷயம் காதில் விழுந்ததும் மாமன் அம்மாவுக்கு ஃபோன் செய்தார். “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, ஜோடின்னு!”

அம்மா பூரித்துப்போய்த் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.