வளரக் கூடாத இளவரசி

பச்சைக் கவுனை இளவரசிக்கு மாட்டிவிட்டு நிமிர்ந்த தையல்காரர் அதன் விளிம்பை இன்னொரு தடவை பார்த்தார். போன படப்பிடிப்பில் கணுக்காலைத் தொட்டது இப்போது அதற்கு நாலு விரல் மேலே நின்றது.

எடுப்பது தேவதைக் கதைப் படம். சூனியக்காரியின் சாபத்தால் ஓர் இளவரசி பத்து வயதோடு நின்றுவிடுகிறாள், கடைசியில்தான் வளர்கிறாள். ஆரம்பித்தபோது இந்தப் பெண்ணுக்கும் பத்து வயதுதான். படப்பிடிப்பு நின்று, நகர்ந்து, மறுபடி நின்று இரண்டு வருடம் இழுத்ததில், சாபத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் அவள் பாட்டுக்கு வளர்ந்துவிட்டாள்.

"மாமா, டைரக்டர்கிட்ட சொல்லிடாதீங்க. வேற பொண்ணைப் போட்டுருவாங்க" என்று அவள் அழுததிலிருந்து, அவரும் மடிப்பைப் பிரித்தார், ஜரிகையை ஒட்டுக் கொடுத்தார், கேட்டவர்களிடம் "சலவையில சுருங்கிடுச்சு" என்று கூசாமல் சொன்னார். சூனியக்காரியாக நடித்த அம்மாளுக்குக் குதிகால் உயர்ந்த செருப்பு வந்தது. பிறகு செருப்புக்கு அடியில் பலகை வந்தது. "அடுத்த மாசம் என்னை ஏணியில ஏத்துவீங்களா?" என்று அந்த அம்மாள் முனகினாள்.

அன்று சாபம் போடும் காட்சி. இளவரசி கூனிக் குறுகி நின்றாள். "நீ என்றென்றும் சிறுமியாகவே இருப்பாய்!" என்று கோலை ஓங்கினாள் சூனியக்காரி. ஓங்கிய வேகத்தில் பலகை சறுக்கியது. தலைகுப்புற விழ இருந்தவளை இளவரசி சட்டென்று நிமிர்ந்து இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். தோள் தையல் டர்ரென்று பிரிந்தது.

இயக்குநர் எழுந்து வந்தார். அவருடைய மூக்குக்கு நேரே அவள் நெற்றி இருந்தது.

"எப்போ இவ்ளோ வளர்ந்தே?"

தையல்காரர் முந்திக்கொண்டார். "சலவையில சார்..."

"பொண்ணையுமா துவைச்சீங்க?"

முதலில் சிரித்தது சூனியக்காரிதான். இளவரசி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தாலும் குனியவில்லை. "வளர்ந்துட்டேன் சார். முதுகு வலிக்குது. இனிமே என்னால கூன முடியாது."

இயக்குநர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கதையை மாத்துறதா, பொண்ணை மாத்துறதான்னு சாயங்காலம் சொல்றேன்" என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

தையல்காரர் ஊசியில் நூலைக் கோத்தார். பிரிந்த தோள் தையலைப் பிடித்துக்கொண்டு இளவரசி சொன்னாள்: "அளவு எடுங்க மாமா. இந்தத் தடவை சரியா எடுங்க."

அவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். அவள் குதிகாலைச் சேர்த்து, முகவாயை உயர்த்தி நின்றாள். பின்னால், தூரத்துக் காடாகத் தெரிவதற்காக நிறுத்தியிருந்த அட்டை மரங்களெல்லாம் அவள் தோளுக்குக் கீழே இருந்தன.